தொடாதே

மேம்படுத்தலாமா என்று கேட்டது.
ஆம் என்று அடித்தேன்.
ஞாயிறு முழுக்க மஞ்சக்குப்பத்தில் கரண்ட் இருக்காது,
சனி இரவே முடித்துவிடலாம் என்ற
நல்ல எண்ணம்தான்.

பதினொன்றே முக்காலுக்கு லினக்ஸ் எழுந்தது,
புது நீலத்தில் முகம் கழுவிக்கொண்டு.
கோப்புகள் இருந்தன, பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தன,
வெளியே போக வழி மட்டும் இல்லை.

முதலில் கேபிளைச் சந்தேகித்தேன்.
வாயில்லாததைத்தானே முதலில் சந்தேகிப்போம்.
பிடுங்கினேன், ஊதினேன், செருகினேன்.
ரத்தக் குழாய்களைச் சுழலவிட்டபடி யாசீன் பாய்
'ரௌட்டரை அணைச்சுப் போடு' என்றார்.
போட்டேன்.
பச்சை விளக்கு கண்சிமிட்டியது,
தன்மேல் குற்றமில்லை என்று.

பிங் அனுப்பினேன்.
நூற்றிருபத்தேழு, சுழி, சுழி, ஒன்று:
தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி
தானே 'யாரு' என்று கேட்டுக்கொள்ளும் முகவரி.
உடனே பதில். ஒரு மில்லி நொடிகூட ஆகவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரௌட்டருக்கு அனுப்பினால்
வலை எட்டவில்லை என்றது.
ஆங்கிலத்தில்தான் சொன்னது. ஆனாலும்
முதுநகர் துறைமுகத்தில் பிறந்தவன் காதில்
அது வேறு மாதிரி விழுந்தது.

பன்னிரண்டு இருபதுக்குப் போன்.
புதுப்பாளையம் ஆஸ்பத்திரி, ஜெசிந்தா சிஸ்டர்.
'அந்தப் பையனோட பிளேட்லெட் இன்னும் வரலையே சார்.
ஆறு வயசு. டாக்டர் நிக்கிறாரு.'

எண் இதோ, என் திரையில்.
நான்கு தெரு தாண்டினால் அவன் கட்டில்.
யாசீன் பாய் கையுறையைக் கழற்றிப் போனை வாங்கினார்.
'நாப்பத்தோராயிரம். நாலு, ஒண்ணு.
எழுதிக்கிட்டீங்களா? திருப்பிச் சொல்லுங்க.'
சொன்னாள்.
அன்றிரவு போனதும்
போய்ச் சேர்ந்தேன் என்று பதில் வந்ததுமான
ஒரே பாக்கெட் அதுதான்.

அதன் பிறகு மரியாதையாகக் கோப்பைத் திறந்தேன்.
எனக்கு முன்னால் இங்கிருந்த கோதண்டபாணி
இப்போது சார்ஜாவில் இருக்கிறான்.
முதல் வரியில் எழுதிவைத்துப் போயிருந்தான்:
இதைத் தொடாதே.
காரணம் எழுதவில்லை.

கீழே ஈத்-ஜீரோ, ஈத்-ஜீரோ என்று
ஒரு பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது கோப்பு.
அந்தப் பெயரில் இப்போது இங்கே யாரும் இல்லை.
அதே அட்டை, அதே துளை, அதே தூசி.
மேம்பாடு அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டது,
எந்தப் பலகையில், எத்தனையாவது இடத்தில்
உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்து ஒரு நீளப் பெயர்.
வன்பொருள் எண் மட்டும் மாறவில்லை,
பள்ளிச் சான்றிதழில் எழுதும்
இடது புருவத்து மச்சம் மாதிரி.
அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

கூடலூரைக் கேட்டு வந்தவனுக்குக்
கடலூர் என்று பலகை காட்டும் ஊர்.
இங்கே இருந்துகொண்டு
எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா.

பெயரைத் திருத்தினேன். ரௌட்டர் பதில் சொன்னது.
யாசீன் பாய்க்கு டீ சொல்லலாம் என்று எழுந்தேன்,
மணி மூன்று, எந்தக் கடையும் இல்லை,
அதோடு வேலையும் முடியவில்லை.
எண்ணைச் சொன்னால் போகிறது,
பெயரைச் சொன்னால் விழிக்கிறது.
கெடிலத்துப் பாலம் திறந்துதான் இருக்கிறது,
அக்கரையில் எந்த வீடு யாருடையது என்று சொல்ல ஆளில்லை.
பெயர் கேட்க வேண்டிய இடத்தைக் காட்டும் கோப்பு
இல்லாத ஒரு கோப்பைக் கைகாட்டிக்கொண்டு நின்றது.
அந்தக் கையையும் திருப்பிவிட்டேன்.

நாலு ஐம்பதுக்குக் கிடப்பில் இருந்த
அறுபத்திரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றாய்க் கிளம்பின.
ஜெசிந்தா கூப்பிட்டாள்.
'இப்பதான் சார் வந்துச்சு. அதே நாப்பத்தொண்ணுதான்.'
பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.
'தூங்குறான். காலைல திரும்ப ரத்தம் எடுக்கணும்,
அது சீக்கிரம் வருமா?'

வரும் என்றேன்.
பிறகு கோதண்டபாணியின் வரிக்குக் கீழே
தேதி போட்டு எழுதினேன்:
தொட்டேன்.
அதற்கும் கீழே, எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு,
ஏன் என்று மூன்று வரி.